பிறந்த அன்றே போட வேண்டிய ஊசி

"ஏண்டி, உன் எலிக்குட்டிங்களுக்குப் பொறந்த அன்னிக்கே ஒரு ஊசி போடுவேன்னு சொன்னியே, அது என்ன ஊசி?"

அக்கா போனில் இப்படிக் கேட்டபோது நான் கையுறையைக் கழற்றிக்கொண்டு, சோதனை எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸ் வாசலில் நின்றிருந்தேன். தஞ்சாவூரில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்ததிலிருந்து அவள் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. சாப்பிட்டியா, எப்ப ஊருக்கு வர்ற, இந்த இரண்டோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். எலி ஊசியை நானாகத்தான் எப்போதோ சொல்லியிருந்தேன்.

"ஆன்டிபாடின்னு பேருக்கா. ஏன் கேக்கற?"

"நர்சம்மாவும் அந்தப் பேரைத்தான் சொன்னாங்க. எம்புள்ளைக்கும் பொறந்த ஒடனே அதைப் போடணுமாம்."

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அக்கா அப்போதுதான் உண்டாகியிருந்தாள். நீடாமங்கலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாமியாரோடு இருந்தாள். மாமா நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுபவர். அறுவடை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போவார். ஆந்திராவில் இருக்கிறேன் என்பார், அடுத்த வாரம் கர்நாடகா என்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அக்காவின் ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி கிருமி இருந்தது. அதை நர்ஸ் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. மருந்து வாங்க நின்ற கூட்டத்துக்கு நடுவில், மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உரக்கச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே அக்காவின் மாமியார் அவளுக்கு ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

நான் கேட்கக் கேட்க அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கள் அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வயிறு வீங்கிச் செத்துப்போனவள். கண்ணெல்லாம் மஞ்சளாகி, கால் நீர் கோத்து, கடைசியில் பேச்சு குழறி. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், நாகப்பட்டினம் பக்கம் யாரோ பச்சிலை கொடுக்கிறார் என்று அங்கேயும் தூக்கிக்கொண்டு போனார்கள். என்ன நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கையில் அது என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடமிருந்து பிரசவத்தில் அக்காவுக்கு வந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் சேரும்போது எனக்கும் அந்தப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றுமில்லை என்று தடுப்பூசி போட்டார்கள். அதே வயிற்றில் பிறந்த நான் எப்படியோ தப்பியிருந்தேன்.

"போடு அக்கா. கண்டிப்பாப் போடணும்" என்றேன்.

"நீ போடற ஊசிதானா அது?"

"இல்ல. பேரு ஒண்ணு, வேலை வேற."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். ஆனால் அந்த 'சரி'யில் ஒரு இழுப்பு இருந்தது.

என் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். உடம்பில் நோயை எதிர்க்கும் அணுக்கள் வளர்வதற்கு ஒரு சைகை வேண்டும். அந்தச் சைகையை வாங்கிக்கொள்ளும் இடம் அணுவின் மேல்தோலில் இருக்கிறது. எங்கள் ஆன்டிபாடி அங்கே போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். சைகை கிடைக்காத அணுக்கள் வளராது. வளர்ந்த சுண்டெலிக்கு இதைப் போட்டால் கொஞ்ச நாள் அணுக்கள் குறையும், மருந்து உடம்பை விட்டுப் போனதும் திரும்பி வந்துவிடும். பிறந்த அன்று போட்டால் என்ன ஆகும்? அதுதான் என் ஆராய்ச்சி.

பிறந்த சுண்டெலிக்குட்டி சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும். முடி இருக்காது, கண் திறந்திருக்காது. தோல் அவ்வளவு மெல்லிசு, குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளை தெரிந்தால்தான் தாய் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மூச்சு வரும். வேற்று வாசனை பட்டால் சில தாய்கள் குட்டியைக் கடித்துத் தின்றுவிடும். அதனால் கையுறையைக் கூண்டில் கிடக்கும் உமித்தூளில் தேய்த்து, அந்த வாசனையைப் பூசிக்கொண்டுதான் குட்டியைத் தொடுவேன். முடி போன்ற ஊசி. ஒரு சொட்டு. போட்டதும் தாயிடம் வைத்துவிட்டு, அது முகர்ந்து பார்த்து, இழுத்து, வயிற்றுக்கு அடியில் போட்டுக்கொள்ளும்வரை நகராமல் நிற்பேன். வேலை முடிந்து வெளியே வந்தால் என் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

அந்தக் குட்டிகள் வளர்ந்து பெரிதான பிறகு மண்ணீரலையும் தோலையும் குடலையும் எடுத்துப் பார்த்தோம். மொத்த அணுக்கள் ஏறக்குறையத் திரும்பி வந்திருந்தன. ஆனால் ஒரு வகை வரவேயில்லை. பிறந்த சில நாட்களில் மட்டுமே உண்டாகித் தோலிலும் குடலிலும் போய்க் குடியேறிவிடும் வகை அது. அந்தச் சில நாட்களை ஊசி தின்றுவிட்டது. சில எலிகளுக்குக் காதோரம் முடி உதிர்ந்து புண்ணாயிற்று. இந்த முடிவைப் பார்த்து என் பேராசிரியர் மேஜையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார். அக்கா போன் செய்யும்வரை நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அக்கா குழந்தைக்கான ஊசியைப் பற்றி அவரிடமே போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அக்கா குழந்தைக்குப் போடறது கிருமியைப் பிடிக்கிற ஆன்டிபாடிம்மா. குழந்தையோட சொந்த அணுவை அது தொடாது. நாம போடறது அணுவையே பிடிக்கிறது. உனக்கே தெரியுமே."

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன?"

தெரிந்தும் பயம் போகவில்லை. கூண்டுகளுக்குத் திரும்பிப் போய், காதோரம் புண் வந்த எலிகளை மறுபடி எண்ணினேன்.

ஏழாவது மாதத்தில் அக்காவைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். ஈரல் டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, பிரசவம் ஆனதும் முழுப் பரிசோதனைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். குழந்தைக்குப் பிறந்த அரை நாளுக்குள் தடுப்பூசியும் ஆன்டிபாடியும் போட்டுவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பிரயோஜனம் குறைந்துவிடும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா, "உன் எலியக் காட்டு" என்றாள்.

வெளியாட்களை அனிமல் ஹவுஸுக்குள் விடமாட்டார்கள். தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. அங்கே அவளை நிற்க வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு கூண்டை எடுத்துக் கண்ணாடி ஓரமாகக் காட்டினேன். கறுப்பு எலிகள், நல்ல கொழுகொழுவென்று. அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு விரலை நீட்டினாள். பின்னால் இருந்த தட்டில் இன்னொரு கூண்டு. அதில் ஒன்று காதோரம் சிவந்து, பின்னங்காலால் சொறிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள். "அது ஊசி போட்டதா?"

"ஆமாக்கா. ஆனா அது..."

"பொறந்த அன்னிக்கா?"

"ஆமா."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு அந்த ஊசி வேணாம்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

அதன்பின் ஒரு மாதம் எனக்குச் சரியான தூக்கமில்லை. போனில் சொன்னால் அவள் பேச்சை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊருக்குப் போனால் மாமியார் குறுக்கே வந்தார். "எதுக்கும்மா பச்சப் புள்ளைக்கு ஊசி மேல ஊசி? நாங்கள்லாம் ஊசி போட்டா வளந்தோம்?" அதே மாமியார்தான் தனி டம்ளர் வைத்தவர். நோய்க்குப் பயம், ஊசிக்கும் பயம். எனக்கு மட்டும் வேறென்ன?

அப்போது நாங்கள் பிறந்த ஊரிலும் நிம்மதி இல்லை. எங்கள் அப்பாவின் நிலத்தை அடுத்து எரிவாயுக் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. எங்கள் தாத்தா காலம்வரை நாங்கள் பண்ணையாட்கள். உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரரிடமிருந்து எடுத்துக் கொடுத்த நிலத்தில் கொஞ்சம் அப்பாவின் பெயருக்குப் பட்டாவாகியிருந்தது. மிராசுதாரர் வீட்டில் எல்லோரும் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருந்த நிலத்தைத்தான் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதில் லாரி லாரியாக ஜல்லி கொட்டி, வயலுக்கு நடுவே மேடு போட்டு, வாய்க்காலை மறித்துவிட்டார்கள். ஆளுங்கட்சிக்காரர் வந்தால் எதிர்க்கட்சி கையெழுத்துப் போட்டது என்பார். எதிர்க்கட்சிக்காரர் வந்தால் ஆளுங்கட்சி அனுமதி கொடுத்தது என்பார். இரண்டு பேரும் போன பிறகு அப்பாவும் ஊர்க்காரர்களும் செங்கொடியை நட்டுவிட்டு லாரிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தைக்குத் தாசில்தார் வந்தார், ஆர்டிஓ வந்தார். ஜல்லி மட்டும் நிற்கவில்லை.

அக்காவைச் சம்மதிக்க வைக்க எனக்கு வழி கிடைத்தது ஒரு கூண்டில்தான். எங்கள் சோதனையில் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டத்துக்கு வேலை செய்யும் ஆன்டிபாடி. இன்னொரு கூட்டத்துக்கும் அதே நாளில், அதே அளவில், ஆன்டிபாடிதான். ஆனால் அது எலியின் எந்த அணுவிலும் ஒட்டாத வகை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. அதுவரை நான் அந்த எலிகளை நின்று பார்த்ததே இல்லை. ஒன்றும் ஆகாதவற்றில் பார்க்க என்ன இருக்கிறது? அந்த வாரம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். காதைப் பார்த்தேன், தோலைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன். மண்ணீரல், தோல், குடல் முடிவுகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வர வேண்டிய அணுக்கள் எல்லாம் வந்திருந்தன. குடியேற வேண்டியவை குடியேறியிருந்தன.

அந்த எலிகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது மாதம். குனிய முடியாமல் கூடையை ஸ்டூல் மேல் வைத்திருந்தாள்.

"இதுவும் பொறந்த அன்னிக்கு ஊசி போட்டதுதான். அன்னிக்கு நான் மொதல்ல எடுத்துக் காட்டினேனே, அந்தக் கூண்டுதான். அதுலயும் ஆன்டிபாடி. ஆனா இதோட அணுவை அது தொடாது. உன் புள்ளைக்குப் போடறது இந்த மாதிரி. கிருமிய மட்டும் புடிக்கும். புள்ளைய ஒண்ணும் செய்யாது."

அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எலிக்கு ஒண்ணும் ஆவலன்னா எம்புள்ளைக்கும் ஆவாதா?"

"எலிய வச்சுச் சொல்லல. இந்த ஊசிய எத்தனையோ வருஷமா எத்தனையோ கொழந்தைங்களுக்குப் போட்டுட்டாங்க. எலிய நீ பாத்துப் பயந்துட்டியேன்னுதான் எலியக் காட்டுறேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

"இருக்கு. தெரிஞ்சும் பயமாத்தான் இருக்கு. ஆனா போடலன்னா அம்மா மாதிரி ஆயிடுமோன்னு அதைவிடப் பயமா இருக்குக்கா."

அம்மாவின் நோயும் இதுதான் என்று அதுவரை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் கையிலிருந்த பாவாடையைப் பிழிந்தபடியே நின்றாள். தண்ணீர் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"நீயே வாங்கிட்டு வந்து குடு. ஆஸ்பத்திரில இருக்கறத நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

நானும் வெளியில் வாங்கத்தான் நினைத்திருந்தேன். நீடாமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது தடுப்பூசி இருக்கிறது, ஆன்டிபாடி கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்றார்கள். தஞ்சாவூரில் ஒரு மெடிக்கலில் சொல்லி வைத்தேன். குறித்த தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

வலி முன்னாலேயே வந்துவிட்டது. காலையில் மாமியார் போன் செய்தார். "பனிக்குடம் ஒடஞ்சிருச்சும்மா. ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நீ அந்த ஊசிய எடுத்துக்கிட்டு வா." ஊசி வேண்டாம் என்றவர்தான்.

மெடிக்கல் திறக்கும்வரை ஷட்டருக்கு முன்னால் நின்றேன். மருந்துக் குப்பியைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்தேன். ஐஸ் பொதியில் நேராகப் பட்டால் உறைந்து கெட்டுவிடும், வெயில் பட்டாலும் கெட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோலத் துணியில் சுற்றி நடுவில் வைத்து, டேப் ஒட்டினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாலியமங்கலம் தாண்டும்போது மறுபடி போன். பெண் குழந்தை. அழுதுவிட்டது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அம்மாப்பேட்டை தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் லாரிகள், கார்கள், டிராக்டர். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மறியல். கேஸ் கெணறு வேணாம்கற ஆளுங்க. இப்ப விட மாட்டாங்க. எறங்கறவங்க எறங்கிக்கலாம்."

முந்தின நாள் அப்பா போனில் மறியல் என்று சொன்னது ஞாபகம் வந்தது. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். தார் கொதித்தது. இரண்டு பக்கமும் இரண்டாம் போகமான தாளடி நட்ட வயல், பச்சை இன்னும் பிடிக்கவில்லை. பெட்டிக்குள் ஐஸ் எவ்வளவு கரைந்திருக்கும் என்றுதான் அடிக்கு அடி கணக்குப் போட்டேன்.

சாலையை அடைத்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். அவர்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே போலீஸ் வரிசை. ஒரு இன்ஸ்பெக்டர் கையை நீட்டி நிறுத்தினார்.

"பெட்டில என்ன?"

"மருந்து சார். கொழந்தைக்கு."

"தெற."

"தெறந்தா சூடு ஏறிடும் சார். ஜில்லுன்னு இருக்கணும். இப்பப் பொறந்த கொழந்தை சார், நீடாமங்கலம் ஆஸ்பத்திரில."

"தெறன்னா தெற."

டேப்பைப் பிய்த்தேன். அவசரத்தில் மூடியின் ஓரம் உடைந்து தெர்மாகோல் மணிகள் காற்றில் பறந்தன. அவர் துணியை விலக்கிக் குப்பியைப் பார்த்தார். அதை எடுக்கப் போனார். "கை வைக்காதீங்க சார்" என்று கத்திவிட்டேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அப்போதுதான் முன் வரிசையில் தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"என் மவ சார் அது. விடுங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, துணியை அவரே சரியாகப் போட்டு மூடினார். "சீக்கிரம் போம்மா."

அப்பாவிடம் ஓடினேன். "பொண்ணு பொறந்திருக்குப்பா" என்றேன். அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. எழுந்திருக்கப் பார்த்தார். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"நான் எந்திரிச்சா எல்லாம் கலைஞ்சிடும்மா. நீ போ. நல்லபடியாப் போட்டுடு."

பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிவிட்டார். அந்த மனிதர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளம் வந்தால் மட்டும், "புடிச்சுக்கங்க" என்பார். பெட்டியைப் பிடிப்பதா, அவரைப் பிடிப்பதா என்று தெரியாமல் போனேன்.

ஆஸ்பத்திரியில் தடுப்பூசியை ஏற்கெனவே போட்டிருந்தார்கள். நான் கொண்டுவந்த குப்பியை நர்ஸ் தொட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். தடுப்பூசி போடாத மறு தொடையைத் துடைத்தார். எத்தனையோ குட்டிகளுக்கு ஊசி போட்ட எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். குழந்தை வீறிட்டது. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "பால் குடுக்கலாமா?" என்று மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்க, தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் நர்ஸ். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி வாங்கக் கூஜாவோடு வெளியே போனார். வாங்கி வந்த காப்பியை அக்காவுக்கும் தனக்கும் பிரித்து ஊற்றும்போது எந்த டம்ளர் எவருடையது என்று பார்க்கவில்லை.

மறியலில் இருந்தவர்களை மத்தியானம் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்திருந்தார்கள். சாயங்காலம் விட்டார்கள். அப்பா அங்கே கொடுத்த சாம்பார்சாதப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேத்தியைப் பார்த்தார். தூக்கவில்லை. சட்டையெல்லாம் புழுதி என்றார். என்ன ஊசி, எதற்கு என்று முதன்முறையாகக் கேட்டார். சொன்னேன். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் என்று சொன்னபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அப்ப உங்கம்மாவுக்கும் இதானா?"

"இதாத்தான் இருந்திருக்கும்ப்பா."

அவர் வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சூனியம்னு சொன்னாங்க. நானும் நம்பினேன்" என்றார்.

ஊசி போட்டாயிற்று. ஆனால் பலித்ததா என்று தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். மற்றத் தவணைத் தடுப்பூசிகளும் முடிந்து, குழந்தையின் சொந்த உடம்பு என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் ரத்தத்தில் பார்க்க முடியும். அந்த ஒரு வருடம் நான் இரண்டு இடத்தில் வாழ்ந்தேன். பகலில் எலிகளிடம் வராமல்போன அணுக்களைத் தேடினேன், சாயங்காலம் போனில் குழந்தையின் மலம் என்ன நிறம், கண் வெள்ளையாக இருக்கிறதா என்று கேட்டேன். அக்காவே சலித்துக்கொண்டாள். ஒருநாள் அவள் அனுப்பிய படத்தில் குழந்தையின் காதுக்குப் பின்னால் செக்கச்செவேலென்று இருந்தது. காதோரம். பாதி வேலையில் விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போய் நின்றேன். மாமியார் சிரித்தார். "வேர்க்குரும்மா. இந்த வெயில்ல உனக்கும்தான் வந்திருக்கு, கழுத்தப் பாரு." ஆமாம், என் கழுத்திலும் இருந்தது. சிரிக்கப் போனவள் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் கிணறு வேலை நின்றது. ஏன் நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தேர்தல் வருகிறது என்றார்கள், கோர்ட் என்றார்கள். இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜல்லி மேடு அப்படியே கிடந்தது. அப்பா வாய்க்கால் அடைப்பை மட்டும் மண்வெட்டியால் வெட்டிவிட்டு, மறுபடி வருவார்கள் என்று தினமும் போய் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

குழந்தை பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்த சமயத்தில் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து ரத்தம் கொடுத்தோம். முடிவு வாங்கும் நாளில் மாமாவும் வந்திருந்தார், வண்டியைப் பாதி வயலில் நிறுத்திவிட்டு. ஈரல் டாக்டர் தாளைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கிருமி இல்ல. கொழந்தையோட உடம்பே இப்ப எதிர்ப்பு உண்டாக்கி வச்சிருக்கு. நல்ல அளவுல இருக்கு. இனிமே இதப் பத்திக் கவலப்படாதீங்க."

மாமா, "அப்ப ஒண்ணும் இல்லங்களா? ஒண்ணுமே இல்லங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டரும் பொறுமையாக, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றார். பிறந்த அன்று கொடுத்த ஆன்டிபாடி எப்போதோ கரைந்து போயிருக்கும். இப்போது இருப்பது அவள் தானாக உண்டாக்கியது. எனக்கு அதை யாரிடமாவது விளக்கிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

எல்லோரும் எழுந்துவிட்டோம். டாக்டர் அக்காவைப் பார்த்து, "நீங்க பிரசவம் ஆனதும் பரிசோதனைக்கு வரச் சொன்னேனே, வந்தீங்களா?" என்று கேட்டார்.

வரவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் குழந்தையின் கண்ணைத்தான் பார்த்தோம். அக்காவின் கண்ணை யாரும் பார்க்கவில்லை. எலியின் மண்ணீரல்வரை பார்த்தவள் நான், நானும் பார்க்கவில்லை. அம்மா செத்தபோது அம்மாவுக்கு அக்காவைவிடச் சில வயதுதான் அதிகம் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கமாக ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இப்பவே எடுத்துக்கங்க டாக்டர். திரும்ப வீட்டுக்குப் போயிட்டா எனக்குத் தைரியம் வராது" என்றாள்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு நான் கூடப் போனேன். மற்றொரு கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. என்னுடையதும்தான்.